புதிதாகவே இருந்த புத்தகங்கள்

தொழிலாளர் குடியிருப்பு
ஜூன் 11

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பதாக அம்மா போனில் சொன்னாள். நீயே சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பியிருப்பேன். ஆனால் போன் உன் கைக்கு வருவதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிடுகிறது. போன வாரம் எனக்குக் கிடைத்தது “என்னங்க” என்ற ஒரே வார்த்தை. அதற்கு முந்தின வாரம் அதுவும் இல்லை. ஒரு தும்மல் மட்டும் கேட்டது. அது உன்னுடையதா அம்மாவுடையதா என்று இன்னும் தெரியவில்லை. அதனால்தான் பேனா எடுத்தேன். அம்மா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீ இதைப் படித்து முடித்துவிடலாம்.

நீ சாயங்கால வகுப்புக்குப் போகிறாயாம். பத்தாவது எழுதப் போகிறாயாம். அம்மா சொன்ன தொனியைக் கேட்டால் நீ சர்க்கஸில் சேர்ந்துவிட்டது போல இருந்தது. “ஒம்போதாவதோட நின்னவளுக்கு இப்ப என்ன திடீர்னு?” என்றாள். “விடும்மா, சாயங்காலம் கொஞ்ச நேரம்தானே, போயிட்டு வரட்டும்” என்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் எப்போதாவது நான் முறைத்தால் எடுத்துச் சொல்லிக் காட்டலாம்.

புத்தகம் வாங்கிக் காசைக் கரைக்காதே. பரண் மேல், ஓடாத மின்விசிறிக்குப் பின்னால், ஒரு பச்சைத் தகரப் பெட்டி இருக்கும். என் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் அதில்தான். அத்தனையும் புத்தம் புதுசு. நான் அவற்றைத் தொந்தரவு செய்யவே இல்லை. அது உனக்கும் தெரியும், என் கணக்கு மதிப்பெண்ணைக் கேட்டுச் சிரித்த தெருவுக்கும் தெரியும்.

இங்கே வேலை அப்படியேதான். கிடங்கு முழுக்க ஐஸ் பிடித்த பெட்டிகள். மீன், கோழி, பச்சைப் பட்டாணி. கொஞ்ச நேரம் உள்ளே தூக்குவோம், பிறகு வெளியே வந்து கை கால் உதறுவோம், மறுபடி உள்ளே. சட்டைப்பையில் பேனாவோடு போனால் மை உறைந்துவிடுகிறது. அறையில் ஆறு பேர். எனக்கு மேல் கட்டில். எழுந்தால் கூரை இடிக்கும், அதனால் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் நீயும் சாய்ந்து படி.

உன் வீட்டுக்காரன்


வீடு
ஜூலை 5

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. அத்தை கண்ணாடி தேடுவதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன். அப்புறம் அவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன், தும்மலை மட்டும் விட்டுவிட்டு. தும்மியது அவர்கள்தான்.

பச்சைப் பெட்டியை இறக்கினேன். நீங்கள் சொன்னதில் பாதி பொய். கணக்கும் அறிவியலும் புதுசுதான், ஒத்துக்கொள்கிறேன். சில பக்கங்கள் ஓரம் வெட்டாமல் ஒட்டிக்கொண்டே இருந்தன, கத்தியால் பிரித்தேன். ஆனால் வரலாற்றுப் புத்தகத்தைத் தொந்தரவு செய்யவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு ராஜாவைக்கூட நீங்கள் மீசை இல்லாமல் விடவில்லை. ராணிகளையும் விடவில்லை. ஒரு கோட்டை வாசலுக்கும் மீசை இருக்கிறது. பரீட்சையில் அதற்கு மதிப்பெண் போட்டிருந்தால் நீங்கள் இந்நேரம் பெரிய அதிகாரி.

வகுப்பு பகலில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் அறையில்தான் நடக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி மேசையில் இடிக்கும். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் வருகிறார், சட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா தங்கை இரண்டு பேர், உடுப்போடு வந்து உடுப்போடு தூங்கும் ஒரு காவலாளி, அப்புறம் நான். மொழிப்பாடத்துக்கும் கணக்குக்கும் ஒரு டீச்சர் வருகிறார். மற்றப் பாடங்களுக்கு ஆள் போடவில்லை. “புத்தகம் இருக்குல்ல, வீட்டுலயே படிச்சுக்கோங்க” என்றார். என்னிடம் இருக்கிறது என்று பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

எதற்கு இந்த வயதில் என்று நீங்கள் கேட்கவில்லை, அத்தை கேட்டார்கள். அப்பாவுக்கு வேலை மாறி நாங்கள் ஊர் மாறியபோது புதுப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷத்தை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. இப்போது பகல் முழுக்க அத்தையும் நானும் தலையணை உறை தைக்கிறோம். ஓரம் நேராக வருகிறதா என்பதைத் தவிர அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்கு யோசிக்க வேறு ஏதாவது வேண்டும். இருபத்தொரு வயதில் இதைக் கேட்பது பேராசையா, சொல்லுங்கள்.

அத்தையும் இப்போது அவ்வளவு முறைப்பதில்லை. நான் வகுப்புக்குப் போனால் டிவி முழுக்க அவர்களுக்குத்தான். நேற்று மழை வரும்போல இருந்தது, நான் தயங்கினேன். “குடை இருக்குல்ல? போயிட்டு வா, போயிட்டு வா” என்று வாசல்வரை வந்து அனுப்பினார்கள்.

ஒரு சந்தேகம். அறிவியலில் வெப்பம் பற்றிய பாடம் படிக்கிறேன். எப்படிச் சூடாக்குவது என்று நிறைய இருக்கிறது. உங்கள் கிடங்கு அவ்வளவு பெரியது, அது எப்படிக் குளிர்கிறது? அந்தக் குளிரை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள்?

உங்கள் வாயாடி


தொழிலாளர் குடியிருப்பு
ஆகஸ்ட் 28

அன்புள்ள வாயாடிக்கு,

நான்கு வருஷமாக இங்கே பெட்டி தூக்குகிறேன். குளிர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. குளிர்க்கிடங்கு என்றால் குளிரும், அவ்வளவுதான் என்று இருந்தேன். உன் கடிதம் வந்தபிறகு தலைக்குள் எறும்பு புகுந்துவிட்டது.

மெஷின் ரூம் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறது. ‘அனுமதி இல்லாதவர் நுழையக் கூடாது’ என்று கதவில் எழுதியிருக்கும். ஆபரேட்டர் நம் மொழிக்காரர், ஆனால் யாரோடும் பேசமாட்டார். நாங்கள் அவரைக் ‘கடுகு’ என்போம். ஆள் சின்னது, பொரிந்துகொண்டே இருப்பார். டீ குடிக்க வெளியே வந்தபோது பிடித்தேன்.

“அண்ணே, குளிரை எங்கேர்ந்து கொண்டாறீங்க?”

“உனக்கு எதுக்கு?”

“வீட்டுக்காரி கேட்டா.”

டீயை ஒரு வாய் குடித்தார். அப்புறம் சொன்னார். “குளிர்னு ஒண்ணு கிடையாதுடா. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய போடறோம். சூடு போயிட்டா மிச்சம் இருக்கிறது குளிர். போய் எழுது.”

நான் நம்பவில்லை. “அப்ப அந்தச் சூட்டை எங்க போடறீங்க?” என்றேன். “நீங்கல்லாம் சாக்ஸ் காயப்போடற இடத்துலதான்” என்றார்.

உனக்கு இதைச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் பெரிய பெரிய விசிறிகள் வரிசையாக இருக்கும். அதன் முன்னால் எப்போதும் சூடான காற்று அடிக்கும். கிடங்கில் சாக்ஸ் நனைந்து விறைத்துவிடும், நாங்கள் எல்லோரும் அங்கே கம்பி கட்டிக் காயப்போடுவோம். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மொறுமொறு என்று காய்ந்திருக்கும். நாலு வருஷமாகக் காயப்போடுகிறேன். குளிர்க்கிடங்குக்குப் பின்னால் ஏன் சூடு என்று ஒருத்தனும் கேட்டதில்லை. மீனிலிருந்தும் பட்டாணியிலிருந்தும் எடுத்த சூடு என் சாக்ஸைக் காயவைக்கிறது. அறையில் சொன்னேன், அஞ்சு பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அடுத்த சந்தேகத்தைச் சீக்கிரம் அனுப்பு. கடுகிடம் போக எனக்கு ஒரு சாக்கு வேண்டும்.

உன் வீட்டுக்காரன்


வீடு
ஏப்ரல் 14

அன்புள்ள உங்களுக்கு,

பரீட்சை முடிந்தது. நானும் முடிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மொழியும் கணக்கும் நன்றாக எழுதினேன். அறிவியல் அன்றைக்குக் கேள்வித்தாளைப் பிரித்தேன். வேறு யாருக்கோ வந்த தாள் என்று நினைத்தேன். திருப்பிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு என்றுதான் போட்டிருந்தது. நான் மனப்பாடமாகப் படித்தது அத்தனையும் என்னிடம் இருந்தது, கேள்விதான் இல்லை. முதல் பக்கத்தில் கேட்டவை என் புத்தகத்தில் எங்குமே கிடையாது. தெரிந்த மட்டும் எழுதினேன். வெப்பத்தைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது, அதற்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன்.

வெளியே வந்து சட்டைக் கம்பெனி அக்காவிடம் கேட்டேன். அவள் தன் புத்தகத்தைக் காட்டினாள். அட்டையே வேறு. “பாடம் மாறி நாலு வருஷமாச்சே, உனக்குத் தெரியாதா?” என்றாள். மொழியையும் கணக்கையும் வகுப்பில் அவள் புத்தகத்தைப் பார்த்தே படித்தேன், அதனால் தப்பித்தேன். மற்றதை உங்கள் பெட்டியை நம்பி வீட்டில் படித்தேன். வரலாற்றுத் தாளும் இதே கதைதான். உங்கள் ராஜாக்களில் பாதிப் பேரை நீக்கிவிட்டார்கள், மீசையோடு.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். “அவன்தான் படிக்காம ஃபெயிலானான். நீ அவன் புத்தகத்தைப் படிச்சு ஃபெயிலாகப் போற” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். உங்கள் மேல் கோபம் இல்லை. வருஷம் மாறும், பாடம் மாறும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நம் இரண்டு பேர் வீட்டிலும் அதைச் சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் வாயாடி


தொழிலாளர் குடியிருப்பு
மே 6

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேல் கட்டிலில் படுத்துச் சிரித்தேன். கீழே இருப்பவன் கட்டிலை உதைத்தான். அப்புறம் உன் குளியலறை வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். பத்துப் பதினோரு வருஷத்துப் பழைய புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்துக்கொடுத்து உன்னைக் கவிழ்த்துவிட்டேன்.

போகட்டும் விடு. ஆசைக்கு ஒரு வருஷம் படித்தாயிற்று. இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

வேறு ஒரு செய்தி இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதமே. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறவர்களில் கல்யாணமானவர்களுக்குத் தனி அறை தரப்போகிறார்கள். ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு, பக்கத்திலேயே குளியலறை, ஜன்னல் ஒன்று. மனைவியைக் கூட்டி வரலாம், விசா அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மேஸ்திரி என் பெயரைச் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாம் சேர்ந்திருந்தது என் இரண்டு விடுமுறை மட்டும்தான். எனக்கு இது போதவில்லை. இதைப் போனில் அம்மா முன்னால் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். நீ வந்தால் நன்றாக இருக்கும். அம்மா சித்தி வீட்டில் இருந்துகொள்வாள்.

உன் வீட்டுக்காரன்


வீடு
ஜூலை 20

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கூப்பிட்டதைப் படித்து எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பக்கத்தை மட்டும் அத்தைக்கு வாசிக்கவில்லை.

ஆனால் இதை முதலில் சொல்ல வேண்டும். நான் தேறிவிட்டேன். ஃபெயிலானவர்களுக்கு ஜூனில் மறு தேர்வு வைத்தார்கள். சட்டைக் கம்பெனி அக்காவும் தங்கையும் தேறிவிட்டதால் தங்கள் புத்தகங்களை எனக்கே கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை முதல் வேலையாக அட்டையில் எந்த வருஷம் என்று பார்த்தேன். ஓரத்தில் எல்லாம் பென்சிலால் குறிப்பு எழுதி எழுதிப் படித்தேன். அத்தை பக்கத்தில் உறை தைத்துக்கொண்டே இருப்பார்கள், நான் சத்தம் போட்டுப் படிப்பேன். இப்போது அவர்களுக்கும் பாதிப் பாடம் தெரியும். ஒருநாள் நான் திணறினேன், “சிறுநீரகம், அதுக்கப்புறம் சிறுநீர்ப்பை, சொல்லு” என்றார்கள்.

இனி முக்கியமான செய்தி. இங்கே தொழிற்பயிற்சி நிலையத்தில் பத்தாவது தேறியவர்களைச் சேர்க்கிறார்கள். தையல், கம்ப்யூட்டர், எலெக்ட்ரீஷியன், இன்னும் என்னவோ. பலகையில் ‘குளிர்பதன மெக்கானிக்’ என்று ஒன்று இருந்தது. நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன். உங்கள் சாக்ஸ் ஞாபகம் வந்தது. விண்ணப்பித்தேன், இடமும் கிடைத்துவிட்டது. பெண்களில் நானும் இன்னொருத்தியும்தான். இரண்டு வருஷம். ஆகஸ்டில் ஆரம்பம்.

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இதை முடித்துவிட்டு வருகிறேன் என்கிறேன். அங்கே அவ்வளவு பெரிய கிடங்கு இருக்கிறது, வேலை தெரிந்து வந்தால் நானும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். அறை இப்போது வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் வாயாடி


தொழிலாளர் குடியிருப்பு
ஆகஸ்ட் 9

உனக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷ ஒப்பந்தம். அறைச் சாவியும் வாங்கிவிட்டேன். விடுமுறை நாளில் நானே சுண்ணாம்பு அடித்தேன். ஜன்னலுக்குத் திரை வாங்கினேன். கண்ணாடி மாட்ட ஆணி அடித்தேன். என் தோள் உயரத்தில் அடித்தேன், உன் முகத்துக்குச் சரியாக இருக்கும் என்று. நீ பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது நான் இதைச் செய்துகொண்டிருந்தேன்.

பத்தாவது எழுது என்றேன். மெக்கானிக் ஆகு என்று நான் சொல்லவில்லை. அறையில் விஷயம் தெரிந்துவிட்டது. “இனிமே நீ ஊருக்குப் போனா உன்னையும் ஃபிரிட்ஜுக்குள்ள வச்சுப் பூட்டிடுவா” என்கிறான் ஒருத்தன். “பொண்டாட்டி மெக்கானிக், புருஷன் லோடு தூக்கறவன், ஜோடி நல்லாருக்கு” என்கிறான் இன்னொருத்தன். நானும் சிரிக்க வேண்டியிருக்கிறது.

நேராகவே கேட்கிறேன். நான் பத்தாவது ஃபெயில். நீ இதை முடித்தால் மெஷின் ரூமுக்குள் போவாய். நான் கதவுக்கு வெளியே நிற்பேன். அப்புறம் என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாய்? எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன்.

டிசம்பருக்குள் கிளம்பி வா. வருவதாக இருந்தால் எழுது. இல்லையென்றால் எழுத வேண்டாம்.

இப்படிக்கு


வீடு
ஆகஸ்ட் 30

அன்புள்ள உங்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

நான் சேர்ந்துவிட்டேன். போன வாரம் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. என்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் உங்களிடம் கேட்கவில்லை என்கிறீர்கள். சரி, இரண்டு பேரும் கேட்கவில்லை. அதில் கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஆணி அடித்த விஷயத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். அந்தக் கண்ணாடி முன்னால் நிற்க எனக்கு ஆசையாக இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. ஆனால் அங்கே வந்து, நீங்கள் கிடங்குக்குப் போனபிறகு, நாள் முழுக்க அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வேன்? நான் விட்டால் இந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எனக்கு ஏற்கெனவே ஒருதடவை சொல்லியிருக்கிறார்கள்.

எந்தக் கண்ணால் பார்ப்பாய் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இருப்பது இரண்டு கண்தான், அதே கண்ணால்தான் பார்ப்பேன். உங்களைக் கட்டிக்கொண்டபோதே நீங்கள் பத்தாவது ஃபெயில் என்று தெரியும். நான் அப்போது ஒன்பதாவது, எனக்கு நீங்கள் மேல்படிப்பாகத்தான் தெரிந்தீர்கள்.

“விடும்மா, போயிட்டு வரட்டும்” என்று ஒருதடவை சொன்னீர்கள். முறைத்தால் சொல்லிக் காட்டச் சொன்னதும் நீங்கள்தான். சொல்லிக் காட்டிவிட்டேன்.

டிசம்பருக்குள் வரமாட்டேன். முடித்துவிட்டு வருவேன், நீங்கள் கூப்பிட்டால்.

உங்கள் வாயாடி


வீடு
டிசம்பர் 3

அன்புள்ள உங்களுக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. போனில் அத்தையோடு பேசுகிறீர்கள், நான் வருவதற்குள் வைத்துவிடுகிறீர்கள். இப்போது கார்டில் காசு தீராமலே வைக்கிறீர்கள் என்று அத்தை சொல்கிறார்கள்.

நான் என் செய்தியை எழுதிவிடுகிறேன். படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம்.

காலையில் பஸ். பட்டறையில் எல்லோருக்கும் ஒரே நீல நிற மேல்சட்டை. ஆண்கள் அளவுதான் இருந்தது, அத்தை பிரித்துத் தைத்துக் கொடுத்தார்கள். முதல் மாதம் முழுக்கச் செம்புக் குழாயை வெட்டவும் வளைக்கவும்தான் கற்றுக்கொடுத்தார்கள். வளைக்கும்போது நசுங்கினால் மறுபடி முதலிலிருந்து. இப்போது பற்றவைக்கிறோம். குழாயில் வாயு கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா? பெரிய கருவி ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். சோப்பைத் தண்ணீரில் கரைத்து நுரையாக்கி இணைப்பில் தடவுவார்கள். கசிந்தால் அந்த இடத்தில் குமிழ் கிளம்பும். அத்தை சேர்த்துவைக்கும் சோப்புத் துண்டெல்லாம் இப்போது பட்டறைக்குத்தான் போகிறது. “குளிக்கிற சோப்புல படிப்பா?” என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

நான் பற்றவைத்த இணைப்பில் நேற்று நுரை தடவிப் பார்த்தோம். குமிழ் வரவில்லை. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அதுவே பாராட்டு என்று மற்றவர்கள் சொன்னார்கள். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் வந்துவிட்டது. அந்த அறை என்ன ஆயிற்று?

உங்கள் வாயாடி


வீடு
பிப்ரவரி 17

அன்புள்ள உங்களுக்கு,

போன வாரம் போன் அடித்ததும் அத்தை எடுக்கவில்லை. மெஷினில் உட்கார்ந்தபடியே “நீ எடு” என்றார்கள். “அவன்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் பேசியாச்சு.” நான் எடுத்தேன். நீங்கள் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்புறம் வைத்துவிட்டீர்கள்.

மூச்சுச் சத்தம் கேட்டது. அது தும்மல் மாதிரி இல்லை, யாருடையது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இதற்கும் பதில் வரவில்லையென்றால் இனி நான் எழுதவில்லை. கோபத்தால் இல்லை. பேசாத ஒருவரிடம் பேசிக்கொண்டே இருக்க எனக்கு அவமானமாக இருக்கிறது. வாயாடிக்கும் அது உண்டு.

உங்கள் மனைவி


தொழிலாளர் குடியிருப்பு
ஏப்ரல் 29

அன்புள்ள வாயாடிக்கு,

பிப்ரவரிக் கடிதத்துக்கு நான் பத்துத் தடவையாவது பதில் எழுத ஆரம்பித்திருப்பேன். எதுவும் மூன்றாவது வரியைத் தாண்டவில்லை. இது தாண்டும் என்று நினைக்கிறேன்.

அறையை ஜனவரியில் கொடுத்துவிட்டேன். இங்கே லாரி ஓட்டுகிற ஒருவரும் ஊரிலிருந்து வந்த அவர் மனைவியும் இப்போது அதில் இருக்கிறார்கள். திரையை அவர்களுக்கே விட்டுவிட்டேன். கண்ணாடியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் அறையில், அதே உயரத்தில், ஆணி அடித்து மாட்டினேன். ஆறு பேரும் குனிந்துதான் தலை சீவுகிறோம். “யாருக்குடா இந்த உயரத்துல மாட்டின?” என்று தினம் காலையில் திட்டு விழுகிறது. மாற்றவில்லை.

போன மாதம் சாக்ஸ் காயப்போடப் போனேன். மெஷின் ரூம் கதவு திறந்திருந்தது. கடுகு தனியாக ஒரு குழாய் அருகே குனிந்து பிரஷ்ஷால் என்னவோ தடவிக்கொண்டிருந்தார். நுரை.

வாசலில் நின்றபடி, “கசியுதா அண்ணே?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“வீட்டுக்காரி எழுதியிருந்தா. அவ இதுதான் படிக்கிறா.”

“அன்னிக்கு ஒண்ணு கேட்டாளே, அவளா?”

“அவளேதான்.”

மறுபடி குனிந்து நுரையைத் தடவினார். அப்புறம், “வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்காத, உள்ள வா. இந்த விளக்கைப் பிடி” என்றார். நான் உள்ளே போனேன். நாலு வருஷமாக, இல்லை, இப்போது ஐந்தும் தாண்டிவிட்டது, அந்தக் கதவுக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே குளிரே இல்லை. சத்தமும் சூடும்தான். குழாய்கள் வரிசையாகப் போகின்றன, எது எங்கே போகிறது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ நின்றிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியபோது எனக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலிக்கவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் கேட்கலாமே என்றுதான் இருந்தது.

குமிழ் ஒரு வளைவில் கிளம்பியது. முதலில் பார்த்தது நான்தான்.

அவருடைய உதவியாள் வேலையை விட்டுப் போய்விட்டானாம். “வர்றியா?” என்றார். தலையை ஆட்டினேன். “எவ்வளவு படிச்சிருக்க?” என்றார். பத்தாவது ஃபெயில் என்றேன். பாஸ் சான்றிதழ் இல்லாமல் மெஷின் ரூமுக்கு ஆள் எடுக்கமாட்டார்களாம். “எழுதித் தொலையேண்டா” என்று பொரிந்தார். நம் ஊர்ப் பரீட்சையையே இங்கிருந்து எழுதலாமாம். விடுமுறை நாட்களில் வகுப்பு நடக்கிறதாம். போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். பெஞ்சில் முட்டி இடிக்கிறது, நீ சொன்னது சரி.

அறையில் சொன்னேன், சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது.

நான் உன்னை எழுத வேண்டாம் என்று சொன்னது தப்பு. உன் டிசம்பர்க் கடிதத்தை எத்தனையோ தடவை படித்தேன், பதில் போடாமல் இருந்தது அதைவிடத் தப்பு. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இப்படியே எடுத்துக்கொள். உனக்கு இன்னும் ஒரு வருஷம் மிச்சம், எனக்கும் ஒப்பந்தத்தில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். யார் யாரிடம் வருவது என்று அப்போது பேசலாம். இந்தத் தடவை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு முடிவு செய்வோம்.

நீ எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். எழுத வேண்டாம். ஆனால் ஒன்று அனுப்பு. பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் வேண்டும். என்னுடையது வேண்டாம், அதை மறுபடி பரணில் ஏற்றிவிடு. நீ படித்ததை அனுப்பு. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதை அழித்துவிடாதே.

மீசை வரைய மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்